பதினொரு மணிக்கு ஏழு பேர்

ஞானரட்ணம் கிழமைக்கு ஒருமுறை பொய் சொல்லத் தொடங்கியது 1985ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில். அதற்கு முந்திய நாற்பத்தொரு வருடத்தில் தான் சொன்ன பொய்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம் என்பார். "மற்றக் கையையும் நீட்டுங்கோ," என்பாள் மனைவி அமலராணி.

ஊரில் அவர் தலைமன்னார் ரயில் நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். வண்டி நாலு நிமிடம் பிந்தினாலும் ஏன் பிந்தியது என்று ஒரு புத்தகத்தில் எழுதவேண்டும். பதினாறு வருடம் எழுதினார். மாடு குறுக்கே வந்தது, இயந்திரம் சூடானது, பெரிய இடத்து மைத்துனர் இன்னும் ஏறவில்லை. எதுவானாலும் காரணம் ஒரு வரியில் அடங்கிவிடும். டென்மார்க்கில் பிரெடெரிசியா நகருக்கு அகதியாக வந்து மீன் தொழிற்சாலையில் பெட்டிக்கு மூடி அடிக்கிற வேலையில் சேர்ந்த பிறகுதான், மனிதர்கள் பிந்துவதற்கான காரணம் ஒரு பக்கத்திலும் அடங்காது என்று கண்டுகொண்டார். அதைக் காட்டித்தந்தது உதைபந்தாட்டம்.

அந்தக் கோடையில் நகரத்துச் சின்னக் கழகம் ஒன்று, தமிழ்ப் பெடியள் பன்னிரண்டு பேரைத் தன் நாலாவது அணியாகச் சேர்த்துக்கொண்டது. ஆள் காணாதென்று ஊலெ, யென்ஸ் என்ற இரண்டு டேனிஷ் இளைஞர்களையும் தந்தது. அணிக்கு ஒரு 'ஹோல்லேதர்' வேண்டும் என்றார்கள். ஏதோ தலைவர் பதவியாக்கும் என்று ஞானரட்ணம் கையைத் தூக்கினார். ஜேர்சி தோய்ப்பதும், பந்துக்குக் காற்றடிப்பதும், இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டுவதும், பாதி வீட்டில் தொலைபேசி இல்லாததால் சைக்கிளில் போய்க் கதவு கதவாக நாளும் நேரமும் சொல்வதும்தான் அந்தப் பதவி என்பது தூக்கிய கையை இறக்கிய பிறகு தெரிந்தது. பட்டியலுக்குப் பதினைந்து பெயர் வேண்டுமென்று பதினைந்தாம் இலக்கத்தில் தன் பெயரையும் எழுதிக் கொடுத்தார். வலது முழங்கால் பழுதான மனிதர். இடத்தை நிரப்புவதற்கு எழுதிய பெயர்தான் அது.

அவர்கள் விளையாடியது லீக்கின் அடிமட்டத்தில். அடிமட்டத்து அணிகளுக்கென்றே அந்த வட்டாரத்தில் ஒரு கோப்பை இருந்தது. அதை வைத்தவர் டூகல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். டேனிஷ் பெண்ணைக் கட்டி, இருபது வருடமாக அங்கேயே தங்கிவிட்டவர். தன் நாட்டில் சின்னக் கழகங்களுக்கென்று தனியாக ஒரு கோப்பை உண்டு, அதில் பெரியவர்கள் மூக்கை நுழைக்க முடியாது, அதைப்போல இங்கேயும் ஒன்று வேண்டும் என்று பிடிவாதமாய் நின்று தொடங்கியிருந்தார். சட்டமும் அவருடையது. ஓர் அணி ஒருமுறை ஆள் வராமல் விட்டால் மன்னிப்பு. இரண்டாம் முறை விட்டால் வெளியே. "வெளியே போனால் எங்கள் கழகத்திலும் நாலாவது அணி இருக்காது, கலைத்துவிடுவோம்" என்று கழகத் தலைவரும் தன் பங்குக்குச் சொல்லியிருந்தார்.

முதலாவது மன்னிப்பு ஒக்டோபரிலேயே செலவாகிவிட்டது. அன்று காலை கொப்பன்ஹேகன் முகாமிலிருந்து இரண்டு மன்னார்க் குடும்பங்கள் ரயிலில் வந்து இறங்கின. ஊர்ச் செய்தி கேட்க அணி முழுவதும் ஸ்டேசனுக்குப் போய்விட்டது. மைதானத்தில் ஞானரட்ணமும், ஊலெயும், யென்ஸும், முப்பது துண்டு தோடம்பழமும்.

"ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமேடா!" என்று அவர் பின்னேரம் பேனாட்டைப் பிடித்தார். பேனாட் அணியின் கப்டன். கோல் அடிக்கிறவனும் அவன்தான்.

"சொல்ல வெளிக்கிட்டனாங்கள் அண்ணை. நேரம் போட்டுது."

"நேரம் போகேல்லை. நீங்கள்தான் போனனீங்கள், ஸ்டேசனுக்கு!"

அன்றைக்குத்தான் அவர் அந்த முறையைக் கண்டுபிடித்தார். பதினொரு மணிக்கு ஆட்டம் என்றால் பத்து மணி என்று சொல்வது. டேனிஷ் பெடியள் இரண்டு பேருக்கும் மட்டும் உண்மை நேரம். அடுத்த ஞாயிறு பத்து என்று சொன்னார். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க ஒவ்வொருவராய் வந்து சேர்ந்தார்கள். உடைமாற்றும் அறையில் டேனிஷ்காரர் கூச்சமில்லாமல் அம்மணமாய் நிற்பார்கள் என்பதால் எங்கள் ஆட்கள் வீட்டிலேயே ஜேர்சியைப் போட்டு, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு வருவார்கள். கோட்டைக் கழற்றினால் ஆட்டம் தொடங்கலாம். ஒரு மணித்தியாலம் பிந்துவது இவர்களின் இரத்தத்தில் ஓடுகிறது, அதற்கு நான் மருந்து கண்டுவிட்டேன் என்று ஞானரட்ணம் திருப்திப்பட்டார். அணியும் வென்றது. ஒன்றல்ல, மூன்று ஆட்டம். அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டது.

வந்த அரையிறுதி நடந்தால்தானே! ஜனவரியில் பனி. பெப்ரவரியில் நிலம் இரும்பாய் உறைந்து கிடந்தது. மார்ச்சில் உறைவு விட்டது, மைதானம் சேறாகிவிட்டதென்று நகரசபை பூட்டிவிட்டது. நாலு தடவை தள்ளிவைத்தார்கள். நாலு தடவையும் அவர் பன்னிரண்டு கதவு தட்டி நாள் சொல்லி, மறுபடி பன்னிரண்டு கதவு தட்டி இல்லையென்று சொன்னார். "என்ன அண்ணை, எங்களை விட நீங்கள் கூட ஓடுறியள்," என்று சிரித்தான் பேனாட். டூகலிடம் முறையிட்டால் அவர் ஆறுதலாகப் பைப்பைத் தட்டினார். "இதென்ன, எங்கள் ஊரில் ஒரு ஆட்டத்தைப் பதினேழு தடவை தள்ளிவைத்தார்கள். ஆனால் பாருங்கள், பதினெட்டாம் தடவை பனிக்குள் நடந்து எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள்." ஞானரட்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரத்துக்கு வருகிற ஸ்கொட்லாந்துக்காரர்களை வைத்து அணி நடத்த யாராலும் முடியும்.

கடைசியில் ஈஸ்டர் திங்கட்கிழமை, காலை பதினொரு மணி என்று முடிவாகியது. எதிரணி தபால்காரர்கள்.

பெரிய வெள்ளிக்கு முதல்நாள் அவர் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். சுவாமி வயதான டேனிஷ்காரர். பெரிய பாவங்களை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவது கஷ்டமாக இருந்ததால், சொல்லச் சுகமான சின்னப் பாவம் ஒன்றைத் தேடி, நேரத்தைப் பற்றிய பொய்யை எடுத்துவிட்டார்.

"எத்தனை தடவை?" என்றார் சுவாமி.

"ஒவ்வொரு கிழமையும். பன்னிரண்டு பேருக்கு."

 சுவாமி, இது பழக்கமாகிவிட்ட பொய், மற்றவர்களைக் குழந்தைகளாக நினைக்கிறவன் சொல்கிற பொய், இனிச் சொல்லக்கூடாது என்றார். சின்னப் பாவம் என்று கொண்டுபோனது பெரிதாகித் திரும்பி வந்தது. வழி முழுக்க சைக்கிளை மிதித்தபடி, நான் அவர்களை அப்படித்தான் நினைக்கிறேனா என்று ஞானரட்ணம் தன்னையே கேட்டார். ஓம் என்றுதான் பதில் வந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருடம் உயிர்த்த ஞாயிறும், கோடைக்கென்று மணிக்கூட்டை மாற்றுகிற நாளும் ஒன்றாக வந்து தொலைந்தன. பூசை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவரின் மணிக்கட்டையும் இழுத்துப் பார்த்தார். எல்லோரும் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தார்கள்.

"நாளைக்குப் பதினொரு மணி. இந்த மணிக்கூட்டின்ரை பதினொரு மணி. விளங்குதோ?"

"ஓம் அண்ணை," என்றார்கள் ஒரே குரலில். பேனாட் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது போலிருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டார். பூசைக்கு வராதவர்கள் வீட்டுக்கும் போய் அதையே சொன்னார். பெந்தகோஸ்து சபைக்காரனான றொபேர்ட், விலகிப்போன ஒருவனின் இடத்துக்கு அணிக்கு வந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது; அதற்குள் ஓர் ஆட்டமும் நடக்கவில்லை. "பதினொண்டு. சரி அண்ணை," என்று கையில் பேனையால் எழுதிக்கொண்டான்.

திங்கள் காலை தன் மாடிப்படியில் குடியிருந்த பீற்றர், லோரன்ஸ், அந்தோனிதாசன் மூன்று பேரையும் அவரே கதவு தட்டி எழுப்பிக் கூட்டிப்போனார். "இவ்வளவு வெள்ளணவோ?" என்று லோரன்ஸ் முணுமுணுத்தான். நகரத்துப் பழைய கோட்டை மேட்டுக்கு அப்பால் மைதானத்தில் தபால்காரர்கள் பத்தரைக்கே வரிசையாய் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஊலெ வந்தான், யென்ஸ் வந்தான். றொபேர்ட் சைக்கிளில் வந்தான். பிறகு ஒருவரும் வரவில்லை.

பதினொரு மணி அடித்தது. டூகல் கையில் பட்டியலோடு கோட்டோரம் வந்து நின்றார். "கால் மணித்தியாலம் பொறுப்போம். ஏழு பேர் இருந்தால் தொடங்கலாம். இல்லாவிட்டால்..."

"எங்கையடா மற்றவங்கள்? எல்லாற்றை மணிக்கூட்டையும் நானே பாத்தனான்!"

பீற்றர் கையுறையைப் பார்த்தான். அந்தோனிதாசன் வானத்தைப் பார்த்தான். லோரன்ஸ்தான் வாய் திறந்தான்.

"பன்ரண்டுக்கு வருவாங்கள் அண்ணை."

"ஏன் பன்ரண்டு?"

"நீங்கள் பதினொண்டு எண்டு சொன்னா பன்ரண்டுதானே? எப்பவும் ஒண்டைக் கூட்டித்தானே வாறனாங்கள். உங்கடை கதை முதல் கிழமையே எல்லாருக்கும் தெரியும்."

ஆறு மாதமாக ஒரு மணித்தியாலம் பிந்திக்கொண்டிருந்தவர்கள் என்று ஞானரட்ணம் நினைத்த பன்னிரண்டு பேரும் ஆறு மாதமாக நிமிடம் பிசகாமல் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"தெரிஞ்சா ஏனடா எனக்குச் சொல்லேல்லை?"

"உங்கடை மனம் நோகும் எண்டுதான்."

"இப்ப நோகேல்லையோ!"

சைக்கிளில் போய் இழுத்துவரலாம் என்றால் மிக அருகில் இருக்கிற வீடே இருபது நிமிடம். மறுபடி எண்ணினார். பீற்றர், லோரன்ஸ், அந்தோனிதாசன், றொபேர்ட், ஊலெ, யென்ஸ். ஆறு. மறுபக்கமாக எண்ணினாலும் ஆறு. டூகல் பட்டியலைக் காட்டி, பதினைந்தாம் இலக்கத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது யார்?"

"அது... அது சும்மா எழுதினது."

"சும்மா எழுதினவர் வந்திருக்கிறாரா?"

தபால்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். மணி பதினொன்று பத்து. முழங்காலைப் பற்றி டொக்டர் சொன்னதும், அமலராணி சொல்லப்போவதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஞானரட்ணம் பையை அவிழ்த்து ஜேர்சியை எடுத்தார். யென்ஸ் தன் மேலதிகக் காற்சட்டையைக் கொடுத்தான். அது இரண்டு ஞானரட்ணத்துக்குக் காணும். சாமான் கொட்டிலுக்குப் பின்னால் ஒதுங்கி, ஈஸ்டருக்கு வாங்கிய காற்சட்டையை மடித்துவைத்து, இடுப்பைச் சப்பாத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தார். லோரன்ஸ் சிரிக்க ஆரம்பித்தான்.

"சிரிச்சியோ, கொன்றுபோடுவன். இடது பக்கம் போ!"

பதினொன்றேகாலுக்கு விசில் ஊதியது.

அடுத்த முக்கால் மணித்தியாலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. பதினொரு தபால்காரர் ஏழு வீட்டுக்குக் கடிதம் போடுகிற மாதிரி நிதானமாக ஐந்து கோல் போட்டார்கள். வலது பின்வரிசையில் நின்ற ஞானரட்ணத்தை ஓர் இருபது வயதுக்காரன் மறுபடி மறுபடி தாண்டிப் போனான். மூன்றாம் முறை ஜேர்சியில் பிடித்துவிட்டு, "அன்ஸ்கூல்" என்று மன்னிப்பும் கேட்டார். ஒரு பந்து மட்டும் கோலுக்குள் போகிற நேரத்தில் அவருடைய நெஞ்சில் மோதித் திரும்பியது. தடுத்தாரா, விலகத் தெரியாமல் நின்றாரா என்று அவருக்கே நிச்சயமில்லை. ஆனால் பீற்றர் ஓடிவந்து முதுகில் தட்டினான். சேறும் மூச்சுமுட்டலும் எரிச்சலுமாக நின்ற அந்த நேரத்தில், ஹோல்லேதர் ஆன நாள் தொட்டு ஒருவரும் தன் முதுகில் தட்டியதில்லை என்பது ஏனோ நினைவுக்கு வந்தது.

இடைவேளைக்கு விசில் ஊதியபோது பன்னிரண்டு மணி. அந்த விசிலோடு கோட்டை மேட்டைச் சுற்றி எட்டுச் சைக்கிள்கள் வந்தன. ஒரு நிமிடம் முன்னே இல்லை, பின்னே இல்லை. முன்னால் பேனாட்.

"என்ன அண்ணை, சேத்துக்கை விழுந்து கிடக்கிறியள்?" என்றவன் பலகையில் ஐந்துக்குப் பூச்சியத்தைக் கண்டதும் கத்தத் தொடங்கினான். "பதினொண்டுக்கோ? உண்மையான பதினொண்டுக்கோ?"

"நான் பதினொண்டு எண்டுதானே சொன்னனான்!"

"சொன்னனீங்கள். உண்மை சொல்லப்போறன் எண்டு முன்னமே சொல்லவேண்டாமோ? திடீரெண்டு உண்மை சொன்னா ஆருக்குத் தெரியும்?"

மற்ற ஏழு பேரும் அதுவே நியாயம் என்றார்கள். ஏழு பேர் அணியோடு முக்கால் மணித்தியாலம் தாக்குப்பிடித்த மனிதரைச் சுற்றி நின்று, வராமல் விட்டவர்கள் கேள்வி கேட்டார்கள். ஞானரட்ணம் குனிந்து இடுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

பட்டியலில் பெயர் இருந்ததால் வந்தவர்களில் நாலு பேரை இறக்கிப் பதினொன்றாக்க மத்தியஸ்தர் அனுமதித்தார். மற்ற நாலு பேரில் ஒருவன் ஞானரட்ணத்துக்குப் பதிலாக இறங்குவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் வெளியே வரவில்லை. பத்து நிமிடம் கழித்து முழங்கால்தான் அவரை வெளியே கொண்டுவந்தது. பேனாட் மூன்று அடித்தான், றொபேர்ட் ஒன்று. ஐந்துக்கு நாலில் ஆட்டம் முடிந்தது. கோப்பை போய்விட்டது.

டூகல் பட்டியலில் 'அணி சமுகமளித்தது' என்ற இடத்தில் கோடு போட்டுக் கையெழுத்து வைத்தார். "தோற்றது தோற்றதுதான். ஆனால் நீங்கள் வந்தீர்கள். அடுத்த பருவத்திலும் நாலாவது அணி உண்டு என்று உங்கள் தலைவருக்கு நானே சொல்கிறேன்." பிறகு தன் நாட்டில் ஆறு பேரோடு ஆடிய ஓர் அணியைப் பற்றித் தொடங்கினார். ஞானரட்ணம் முழங்காலில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு கேட்காத மாதிரி இருந்தார்.

எட்டுப் பேரும் இன்னும் தங்களுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். அவர் பேனாட்டைக் கூப்பிட்டார். ஜேர்சிப் பை, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு, தோடம்பழம் வெட்டும் கத்தி, வீட்டு விலாசங்கள் எழுதிய கொப்பி எல்லாவற்றையும் அவன் கைகளில் வைத்தார்.

"என்ன அண்ணை இது?"

"இனி நீதான் ஹோல்லேதர். கதவு தட்டுறது, தோய்க்கிறது, நேரம் சொல்லுறது எல்லாம் நீ. நான் பதினைஞ்சாம் இலக்கம். எப்ப வரவேணும் எண்டு சொல்லு, வாறன்."

"உந்தக் காலோடையோ?"

"கால் என்ரை. நீ நேரத்தைச் சொல்லு."

பேனாட் பையைப் பார்த்தான், சேறு வடிகிற ஜேர்சிகளைப் பார்த்தான், பின்னால் இன்னமும் கத்திக்கொண்டிருந்த ஏழு பேரையும் திரும்பிப் பார்த்தான். கொஞ்சநேரம் ஏதோ கணக்குப் போட்டான்.

"அடுத்த சனி பயிற்சி, அண்ணை," என்றான். "ஒம்பது மணிக்கு."

ஞானரட்ணம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை.