தவக்காலத்தில் காய்ச்சிய பியர்

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ரயில் பாலத்துக்குக் கீழே யாரோ சின்னதாகப் பியர் காய்ச்சத் தொடங்கியிருக்கிறார்கள். போன கிழமை அந்த வழியாக மீன் வாங்கப் போனபோது வாசனை வந்து முகத்தில் அடித்தது. ஊறிய பார்லியின் வாசனை. மால்ட் மா கரைத்த பாலை அடுப்பில் கொஞ்சம் அடிப்பிடிக்க விட்டால் வருமே, அதே மாதிரி. எனக்குக் கால் நகரவில்லை. மீனும் வாங்கவில்லை.

அந்த வாசனையை நான் முதலில் அறிந்தது அந்தோனி அண்ணையின் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டிலில். மன்னார்க்காரர். ஜெர்மனியில் பத்து வருடம் பைப் வேலை செய்துவிட்டு, மனைவி ரோஸ் அக்காவோடு லண்டனுக்கு வந்தவர். அவர்கள் வீட்டு மேல் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். தங்கமான மனிதர், ஆனால் குடி. ஈரல் கெட்டுக்கொண்டு போகிறது, இனியும் குடித்தால் ஆள் தப்பாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். டொக்டருக்குப் பயப்படாதவர் மாதாவுக்குப் பயப்படுவார். தவக்காலம் தொடங்கிய அன்று நெற்றியில் சாம்பலோடு வந்து, "ஈஸ்டர் வருமட்டும் ஒரு சொட்டும் தொடமாட்டன்" என்றார்.

மூன்றாம் நாளே அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடக்கத் தொடங்கிவிட்டார். கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு ஏதாவது தோன்றினால் அது யாருக்காவது கேடாகத்தான் முடியும். "அண்ணை, உங்களுக்குப் பைப் வேலை தெரியும். நாங்களே பியர் காய்ச்சுவம். ஈஸ்டருக்குச் சரியா வந்திடும்" என்றேன்.

"டொக்டர் சொன்னது?"

"அது கடைச் சாமான், கெமிக்கல். இது வீட்டில செய்யிறது அண்ணை. ஒண்டும் செய்யாது."

வீட்டில் செய்தது என்றால் நஞ்சும் உடம்புக்கு நல்லது என்று நம்புகிற சனம் நாங்கள். நீங்களும்தான், சிரிக்காதீர்கள்.

பழைய சாமான் சந்தையில் ஒரு ஐஸ் பெட்டி வாங்கினோம். பிக்னிக்குக்குக் கொண்டுபோகிற நீலப் பெட்டி. சுடுநீர் ஊற்றினால் ஒரு மணித்தியாலம் சூடு இறங்காது. பார்லியின் இனிப்பு தண்ணீரில் இறங்க அந்தச் சூடுதான் வேண்டும். அண்ணை செப்புக் குழாயைச் சதுரமாக இணைத்து, அடிப்பக்கம் முழுக்க இரும்பறுக்கும் வாளால் கீறல் கீறலாக அறுத்து, பெட்டிக்குள் வைத்தார். தானியம் மேலே நிற்க, சாறு மட்டும் கீறல் வழியே வடியும். கொதித்த சாற்றை ஆற்ற இன்னொரு குழாய். நெளியாமலிருக்க அதற்குள் உப்பை நிறைத்து, பெயின்ட் வாளியைச் சுற்றி வளைத்தெடுத்தார். கொதிக்கவைக்க, பங்குக் கோயில் திருநாளுக்குச் சோறு காய்ச்சுகிற அண்டா. பாதரிடம் என்ன சொல்லி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைக்கிற பொறுப்பு என்னுடையது. மிளகாய் அரைக்கிற கிரைண்டரில் போட்டேன். மாவாகிவிட்டது. சுடுநீர் ஊற்றியதும் பெட்டிக்குள் களி. கீறலெல்லாம் அடைத்து ஒரு சொட்டும் வடியவில்லை. மேலதிகமாக இரண்டு பேருக்கும் தும்மல். "புட்டு அவிச்சிருந்தாலும் பிரயோசனம்" என்று ரோஸ் அக்கா கதவடியில் நின்று சிரித்தா. அடுத்த முறை போத்தலை உருட்டி, பார்லியை வெறுமனே உடைத்தோம். சாறு தேன் நிறத்தில் ஓடிவந்தது. புளிக்காத வெறும் இனிப்பு. அண்ணை ஒரு கரண்டி எடுத்து அக்காவின் வாயில் வைத்தார். பிறகு கொதிக்கவைத்து ஆற்றி, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிட்டு, போத்தல்களில் அடைத்தோம்.

அந்த நாட்களில் மனிதர் நேரத்துக்குச் சாப்பிட்டார், நித்திரை கொண்டார், அக்காவோடு கடைக்குப் போனார். பெரிய வெள்ளிக்கு முதல்நாள் அக்கா என்னைப் படியில் மறித்தா. "தம்பி, இப்பிடியே விட்டிடுவார் போல கிடக்கு. உந்தப் போத்தலுகளை என்ன செய்யப் போறீங்கள்?"

"ஆக்களுக்குக் குடுப்பம் அக்கா" என்றேன்.

ஈஸ்டர் பூசை முடிந்து வந்து மேசையில் இருந்தோம். அண்ணை போத்தலைத் திறக்காமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "வேண்டாம் போல கிடக்கு தம்பி" என்றார். எனக்கோ என்னுடைய பியர் எப்படி வந்திருக்கிறது என்று தெரியவேண்டும். "ஒரு கிளாஸ் அண்ணை, நாங்கள் செய்தது" என்று நானே திறந்து ஊற்றினேன். நன்றாகத்தான் இருந்தது.

அக்கா கறிச்சட்டியோடு நின்றபடி சொன்னா: "தம்பி, நாப்பது நாள் குடியாமல் இருந்தவர்."

போத்தல்கள் ஒரு கிழமைக்குள் முடிந்துவிட்டன. பிறகு அவர் பழையபடி போத்தல் வாங்கக் கடைக்குப் போனார். அடுத்த தவக்காலத்துக்கு அவர் இல்லை.

வீட்டை விற்றாயிற்று. கொட்டில் இருந்த இடத்தில் யாருடையதோ கார் நிற்கிறது. ரோஸ் அக்கா குட்மேய்ஸில் தங்கையோடு இருக்கிறா. என் நம்பரைக் கண்டால் எடுப்பதில்லை. எடுக்கச் சொல்லி நான் எந்த முகத்தோடு கேட்பது? செத்தவீட்டுக்கு வந்த சனம் முழுக்க, "பாவம், அவரால விட ஏலாமல் போச்சு" என்று ஒரே கதை. அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், ஏலாமல் போச்சு" என்றேன்.