பாட்டு நம்பர் எழுதிய கார்டு

என் மேஜை டிராயரில், ரிட்டையர் ஆனபோது கொடுத்த கைக்கடிகாரத்துக்கு அடியில், ஒரு தபால் கார்டு கிடக்கிறது. ராஜா தலை போட்ட பழைய கார்டு. மூலைகள் மழுங்கி, டீ சிந்தியதைப் போல நிறம் மாறிவிட்டது. ஒரு பக்கத்தில் என் பெயரும் விழுப்புரம் விலாசமும் இருக்கின்றன. மறுபக்கத்தில் நலம், நலமறிய ஆவல் என்று ஒன்றும் கிடையாது. நட்டநடுவில் 9-4 என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஒருமுறை டிராயரைத் துடைக்க வந்த மருமகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, யாரு வூட்டு நம்பரு இது?" என்று கேட்டாள். பழைய சிநேகிதன் வீட்டு நம்பர் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்வது எனக்குச் சிரமமான காரியமே இல்லை. இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய்களில் மிகச் சின்னது அதுதான்.

கார்டை எழுதியவன் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தான். ஊரே அவனைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நான் விழுப்புரம் ஜங்ஷனில், கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு பாசஞ்சர் வண்டியும் சினிமாப் பைத்தியமும்தான். விழுப்புரத்தில் டூரிங் டாக்கீஸ் கூடாரம் போட்டுவிட்டால், ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வண்டியில் கம்பவுண்டர் வந்து இறங்குவான். அவன் மேல் எப்போதும் டிங்சர் வாசனை அடிக்கும். பிளாட்பாரத்தில் என்னைக் கண்டதும், "ஜல்தியா வாப்பா, புஸ்தகம் தீந்துடப் போவுது" என்பதுதான் முதல் வார்த்தை. படத்தைவிடப் பாட்டுப் புத்தகம்தான் எங்களுக்கு முக்கியம். கூடார வாசலில் விற்கிறவனிடம் எப்போதும் இரண்டு பிரதி வாங்குவோம். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. வாங்கிய வரிசைப்படி இரண்டு அட்டையிலும் நீலப் பென்சிலால் ஒரே நம்பரைப் போடுவோம். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். அந்த வெளிச்சத்தில், வந்த பாட்டில் எந்த வரியை வெட்டிவிட்டார்கள் என்று புத்தகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவோம். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எங்களை வைவார்கள்.

எங்களிடம் இன்னொரு கிறுக்குத்தனமும் இருந்தது. பட்டணத்தில் ஓடி முடித்து விழுப்புரத்துக்கு ஒரு படம் வந்து சேர மாதக்கணக்காகும். ஆனால் சில படங்களின் பாட்டுப் புத்தகம் முன்னாலேயே யார் மூலமாகவாவது எங்களுக்கு இரண்டு பிரதி வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு, கேட்காத பாட்டுக்கு நாங்களே மெட்டுப் போடுவோம். ராகத்தின் பேர் மட்டும் அச்சாகியிருக்கும். மீதியெல்லாம் எங்கள் குருட்டுத் தைரியம். படம் வந்த பிறகு யார் மெட்டு கிட்டத்தட்டச் சரி என்று பார்ப்போம். தோற்றவன் மீசையை எடுத்துவிட வேண்டும். கம்பவுண்டருக்கு இயற்கையாகவே நல்ல காது. நான்தான் அடிக்கடி மொழுமொழு முகத்தோடு ஆபீசுக்குப் போவேன். வீட்டில் ஏதாவது துக்கமா என்று ஆபீசில் விசாரிப்பார்கள்.

வாரத்தின் மற்ற நாட்களுக்குக் கார்டு. கார்டை வழியில் எல்லோரும் படிப்பார்கள். கம்பவுண்டரின் மாமனாருக்கோ சினிமா என்ற பேச்சே ஆகாது. அதனால் புத்தக நம்பரையும் பாட்டு நம்பரையும் மட்டும் எழுத ஆரம்பித்தோம். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவனிடமிருந்து 5-7 வந்தது; எடுத்துப் பார்த்தால், பெண்டாட்டிக்குப் பயந்தவன் ஒருவன் அழுதுகொண்டே பாடுகிற பாட்டு. அவனுக்குப் பெண் பிறந்தபோது 2-3, தாலாட்டு. கையெழுத்துக்கூடப் போட மாட்டோம். இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவனுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். நம்பரைச் சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு பாடுவான். ஒரு மழைக்காலத்தில் அவன் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. அப்போதுகூட, "போனா போவட்டும்பா, எல்லாந்தான் உள்ள கீதே" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினான். எனக்கும் அப்படித்தான் என்று நானும் நெற்றியைத் தட்டினேன். உண்மையில் ஒவ்வொரு கார்டு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து புத்தகத்தைப் புரட்டினால்தான் எனக்கு விஷயம் விளங்கும். அந்தப் பெட்டியிலிருந்த எல்லா அட்டையிலும், நம்பருக்குப் பக்கத்திலேயே, கூட்ஸ் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பைக் கொண்டுவந்து குத்தி என் பெயரையும் எழுதி வைத்திருந்தேன். சர்க்கார் முத்திரை விழுந்தால் ஒரு கௌரவம் என்று அந்த வயதில் நினைப்பு.

யுத்த காலம். பதினான்காம் நம்பர் புத்தகத்தின் படம் ஒருவழியாக விழுப்புரத்துக்கு வருவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அதில் மூன்றாவது பாட்டுக்கு எங்களுக்குள் பெரிய பந்தயம் இருந்தது. நான் உடனே ஒரு கார்டு போட்டேன். "ஞாயிறு மாலை பாசஞ்சர். 14-3. தயாராக இரு." அவ்வளவுதான் எழுதினேன். மீசையைப் பறிகொடுக்கத் தயாராக இரு என்று அர்த்தம். எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். அது நாற்பத்திரண்டு ஆகஸ்டு மாதம். தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். அங்கங்கே தந்திக் கம்பியை அறுக்கிறார்கள், தண்டவாளத்தைப் பெயர்க்கிறார்கள் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. ரயில்வேக்காரனான எனக்கு அதெல்லாம் நன்றாகவே தெரியும். எங்கள் ஆபீசிலேயே இரண்டு பேரைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள். ஆனாலும் அந்தக் கார்டு வேறொருவன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சினிமாப் பைத்தியத்துக்கு உலகத்தில் சினிமாவைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கம்பவுண்டர் வரவில்லை. அவனில்லாமல் நானும் படத்துக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் பெண்சாதி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, புடவையெல்லாம் ரயில் கரி. என் மனைவி பிறந்தகம் போயிருந்தாள். சாப்பிட வந்த நான், எச்சில் கையோடு எழுந்து வந்தேன்.

"அண்ணே, அவரப் புடிச்சிக்கினு போய்ட்டாங்கண்ணே. எங்க வெச்சிக்கிறாங்கன்னே சொல்ல மாட்டேங்கிறாங்க. டாக்டர் ஐயா விசாரிச்சி சொன்னாரு, ஏதோ கார்டாம். ரயில கவுக்கறதுக்கு நம்பரு போட்டு எழுதிக்கிறாங்களாம். யார்ரா எழுதனதுன்னு கேட்டுக் கேட்டு அடிக்கிறாங்களாம். அவரு பாட்டு நம்பரு, பாட்டு நம்பருன்னே சொல்லிக்கினு கீறாராம். உங்க பேரச் சொல்லவே இல்லயாம்."

அவளே மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். டாக்டர் ஐயா ஒரு பெரிய அதிகாரியிடம் பேசியிருக்கிறாராம். நம்பர் போட்ட புத்தகங்களைக் கொண்டுவந்து காட்டினால், சொன்னது நிஜம் என்று ஒப்புக்கொண்டு விட்டுவிடுகிறேன் என்று அந்த அதிகாரி சொன்னாராம். "எங்க புஸ்தகம்தான் கரையான் தின்னுடுச்சே. உங்களுத குடுங்கண்ணே. எங்க வூட்லயே இருந்திச்சின்னு சொல்லிக்கிறேன். உங்க பேரு வராதுண்ணே. கொழந்த மேல சத்தியம்."

புத்தகங்கள் எனக்குப் பின்னால், நாலடி தூரத்தில், தகரப் பெட்டியில் இருந்தன. என் பேர் வராது என்று அவள் சொன்னபோது எனக்குக் கண்ணில் தெரிந்ததெல்லாம் அட்டையிலிருந்த ஊதா முத்திரைதான். அட்டையைக் கிழித்தால் நம்பரும் போய்விடும். அட்டையோடு கொடுத்தால் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவே ரயிலைக் கவிழ்க்கக் கார்டு போட்டான் என்றாகிவிடும். முத்திரையையும் பெயரையும் மட்டும் பிளேடால் சுரண்டியிருக்கலாம் என்று பிற்பாடு ஆயிரம் முறை தோன்றியிருக்கிறது. அந்த நேரத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

"எரிச்சிட்டேம்மா. ஊர்ல நடக்கறதப் பாத்து போன வாரமே எல்லாத்தையும் எரிச்சிட்டேன்" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "அப்ப பரவால்லண்ணே" என்றாள். எதற்குப் பரவாயில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. குழந்தைக்குத் தண்ணீர் மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, உள்ளே வந்து பெட்டியைத் திறந்தேன். வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டேன். அவளிடம் சொன்ன பொய்யை அரை மணி நேரத்தில் நிஜமாக்கிவிட்டேன். பளபளப்பு அட்டை சீக்கிரம் பற்றாது. கிளறிக் கிளறி விட வேண்டியிருந்தது. சாயங்காலம் ஆபீசுக்குப் போய் எல்லோரிடமும் சாதாரணமாகப் பேசினேன். நான் கோழை. இதை இத்தனை வருஷம் கழித்துத் தாளில் எழுதுவதால் பெரிய தைரியசாலி ஆகிவிட்டதாகவும் நினைக்கவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து அவனை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உடனே போகக் கால் வரவில்லை. மாசி மாதத்தில் ஒருநாள் போனேன். டாக்டர் நல்லவர், பழைய இடத்திலேயே அவனுக்குச் சீசா கழுவுகிற வேலை கொடுத்திருந்தார். மருந்து கலக்குகிற வேலை இனி அவனால் முடியாது, நோயாளி சொல்வது காதில் விழாது. இரண்டு காதிலும் அறைந்து அறைந்து சவ்வு கிழிந்துவிட்டதாம். பாதி உடம்பாகியிருந்தான். வீட்டில் என்னைக் கண்டதும் எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டு, காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில் கேட்டான்.

"படம் பாத்தியாப்பா? பதினாலு மூணு யாரு மெட்டு? எந்துதா, உந்துதா?"

படத்தை நான் பார்க்கவில்லை. விரலை அவன் பக்கம் நீட்டினேன், உன்னுடையதுதான் என்று. அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் மீசையைக் காட்டி, கத்தரிக்கோல் போல இரண்டு விரலை ஆட்டினான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவனுக்குக் கேட்காது என்ற ஒரே தைரியத்தில் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். "புஸ்தகம் இருந்திச்சிப்பா. உன் பொண்டாட்டி வந்தப்போ பெட்டியிலதான் இருந்திச்சி. அவ போன பின்னாலதான் எரிச்சேன். பயந்துட்டேன்பா." அவன் நான் ஏதோ படக்கதை சொல்வதாக நினைத்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தான். பின்னால் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பினேன். அவன் பெண்சாதி எனக்குக் கொண்டுவந்த காப்பியைத் தரையில் வைத்துவிட்டு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். உள்ளே போய்விட்டாள். நான் அந்தக் காப்பியைக் குடிக்காமல் வண்டியேறினேன்.

மறுநாள் காலை மீசையை எடுத்தேன். அதற்குப் பிறகு வளர்க்கவில்லை.

பத்து நாள் கழித்து இந்த 9-4 கார்டு வந்தது. அவன் கையெழுத்துதான், ஒன்பதுக்கு அவன் போடுகிற நீள வால் எனக்கு நன்றாகத் தெரியும். பழக்க தோஷத்தில் நேரே தகரப் பெட்டியிடம் போய்விட்டேன். திறந்த பிறகுதான் காலிப் பெட்டி என்பது உறைத்தது. அவன் பெண்சாதி நான் சொன்னதை அவனுக்குத் தெரியப்படுத்தினாளா? அவளுக்கு எழுதத் தெரியாது. ஆனால் அவர்களுக்குள் ஜாடையில் பேசிக்கொள்ள அதற்குள் பழகியிருக்கும். தெரிந்து எழுதினானா, தெரியாமல் எழுதினானா? வைதானா, போனால் போகிறது என்றானா, இல்லை பந்தயத்தில் ஜெயித்த குஷியில் ஏதாவது கோமாளிப் பாட்டைப் போட்டானா? நேரில் போய் ஒரு காகிதத்தில் எழுதிக் கேட்டிருக்கலாம். எனக்கு மனப்பாடம் என்று நெற்றியைத் தட்டிக் காட்டிய வெட்கம் ஒரு பக்கம், அந்தப் பெண்ணின் முகத்தில் விழிக்கிற பயம் ஒரு பக்கம். அடுத்த மாதம் போகலாம், அதற்கடுத்த மாதம் போகலாம் என்று இருந்தேன். அந்தக் கோடையில் திண்டிவனம் பக்கம் காலரா. கம்பவுண்டர் போய்விட்டான் என்று டாக்டர் எழுதிய கடிதம் எனக்கு வந்தபோது காரியமே முடிந்திருந்தது. பெண்சாதி குழந்தையோடு கண்டாச்சிபுரத்தில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாளாம். அங்கே நான் போகவில்லை.

பழைய புத்தகக் கடைகளில் ரொம்ப நாள் தேடினேன். பாட்டுப் புத்தகங்கள் கிடைக்காமல் இல்லை. ஆனால் ஒன்பதாம் நம்பர் என்பது நாங்கள் போட்ட நம்பர், எந்த அச்சாபீசும் போட்டதல்ல. எது ஒன்பது என்று எனக்கு நினைவில்லை. பக்தன் ஒருவன் கதை என்று சில நாள் தோன்றும். தாய் மகனைச் சபிக்கிற கதை என்று சில நாள் தோன்றும். பதினாலு மூணு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் ரேடியோவில் அந்தப் பாட்டே வந்தது. அவன் மெட்டும் இல்லை, என் மெட்டும் இல்லை. இருவருமே தோற்றிருந்தோம்.

இப்போதும் ரேடியோவில் அந்தக் காலத்துப் பாட்டு வைத்தால் டிராயரைத் திறந்து கார்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவேன். மாமாவுக்குப் பழைய பாட்டு என்றால் உயிர் என்று மருமகள் வருகிறவர்களிடம் சொல்கிறாள். ஒன்பதாம் புத்தகத்தின் நாலாவது பாட்டு இதுவாக இருக்கலாம், அடுத்ததாகவும் இருக்கலாம். எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் அவன் எனக்குச் சொன்னதாகவே வைத்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்கிறேன்.