மெதுவாக ஓடச் சொன்னது நான்தான்

"இந்தப் பொண்ண காலைல மெதுவா ஓடச் சொன்னது யாரு?" என்று நடுவர் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் வாயைத் திறக்காமல் நின்றேன்? மூன்று மாதமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். இன்னும் விளங்கவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். புதிதாகத் தன்னார்வலராக வருகிறவர்களுக்காவது பயன்படட்டும்.

1. சனிக்கிழமை வேலை

தி. நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். சனிக்கிழமை காலைகளில் அவளைக் கணவரிடம் விட்டுவிட்டு அடையாறில் ஒரு மைதானத்துக்குப் போவேன். அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு அங்கே ஓட்டப் பயிற்சி நடக்கிறது. ஸ்டாப்வாட்ச் பிடிப்பது, ஷூ லேஸ் சரிபார்ப்பது, கோட்டைத் தாண்டி வருகிறவர்களைக் கைதட்டி வரவேற்பது என் வேலை.

முதல் நாளே கோச் பாஸ்கர் சார் சொல்லிவிட்டார். "மேடம், பாவம்னு மட்டும் பாக்காதீங்க. அப்டி பாக்கறவங்க நாலு வாரத்துல காணாம பூடுவாங்க. இவங்க ஓட வந்துகீறாங்க. ஓட வுடுங்க."

சாந்தோமிலிருந்து வரும் ஜெனிக்கு இருபத்திரண்டு வயது. அவள் அம்மா ரெஜினா பள்ளி ஆசிரியை. ஜெனி சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். ஒருநாள் அவளை "இங்கயே நில்லு, வந்துடறேன்" என்று நிறுத்திவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஷெட்டுக்குள் ஓடினோம். ஜெனி மட்டும் நனைந்துகொண்டு அங்கேயே நின்றிருந்தாள். "நீங்க வரல இல்லக்கா" என்றாள். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

2. நோட்டில் எழுதிய விதி

எங்கள் போட்டிகளில் காலையில் ஹீட்ஸ் என்கிற முதல் சுற்று நடக்கும். அதில் எடுத்த நேரத்தை வைத்து, ஏறக்குறைய ஒரே வேகம் உள்ளவர்களை ஒரு பிரிவாகச் சேர்ப்பார்கள். மதியம் அந்தந்தப் பிரிவுக்குள் ஃபைனல். காலை நேரத்தைவிட மதியம் ஓர் அளவுக்கு மேல் வேகமாக ஓடினால் டிஸ்குவாலிஃபை. காலையில் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, எளிய பிரிவில் நுழைந்து மெடல் வாங்குவதைத் தடுக்கத்தான் இந்த விதி. தன்னார்வலர் வகுப்பில் இதை நோட்டில் எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடும் போட்டிருந்தேன்.

மாவட்டப் போட்டியில் பிரிவில் முதலிடம் வந்தால் மாநிலப் போட்டிக்குத் திருச்சி போகலாம். ரயிலில் தனக்கு மேல் பெர்த்தான் வேண்டும் என்று ஜெனி மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போட்டி நாள் காலை, ஸ்டார்ட்டிங் லைனில் அவள் முட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முந்தின வாரம்தான் விழுந்து அதைச் சிராய்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து லேஸை இறுக்கிவிட்டு, "மெதுவா ஓடு கண்ணா, விழுந்துடாத" என்றேன். படியில், பார்க்கில், தெருவில் என் மகளிடம் தினமும் சொல்வது அது. யோசித்துச் சொல்லவில்லை. சொன்னதுகூட உறைக்கவில்லை.

நூறு மீட்டரை இருபத்தேழு விநாடியில் ஓடினாள். பயிற்சியில் இருபத்தொன்றில் ஓடுகிறவள். பயத்தில் இப்படி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

3. மதியம்

ஃபைனலுக்கு அவளை லைனில் நிறுத்தியது பாஸ்கர் சார். "ஜெனி, இன்னா பாக்கற? பறந்து போ!" என்றார். பறந்தாள். இருபது விநாடி. மற்றவர்கள் பின்னால் வந்துகொண்டிருக்க, கோட்டைத் தாண்டி நேராக என் மேல் வந்து விழுந்தாள். நானும் குதித்தேன்.

சற்று நேரத்தில் நடுவர் அட்டையும் கையுமாக வந்தார். ஜெனி டிஸ்குவாலிஃபை என்றார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் ரெஜினா டீச்சரைப் பார்த்தார்.

"நீங்கதான அம்மா? மெடலுக்காக காலைல வேகத்தக் கொறைக்கச் சொல்ற பேரண்ட்ஸ நெறைய பாத்தாச்சும்மா."

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "சார், காப்பி அடிக்கற பசங்களப் புடிக்கறதே என் பொழப்பு. நானா இதச் செய்வேன்?"

லைனில் குனிந்ததும் சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. 'நான்தான்' என்பது ஒரே ஒரு சொல். அது வெளியே வரவில்லை.

அதற்குள் ஜெனி, வகுப்பில் தூக்குவதுபோல் கையைத் தூக்கினாள்.

"நான்தான் சார். வேகமா ஓடிட்டேன். சாரி."

அதற்குப் பிறகுதான் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நடுவர், "உங்களுக்கு ரூல் தெரியாதா மேடம்?" என்றார். தெரியும் என்று நோட்டைத் திறந்து காட்டினேன். எதற்காகக் காட்டினேனோ! அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். முடிவு மாறவில்லை. இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு மெடல். எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டியவள் ஜெனி.

ரெஜினா டீச்சர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சாப்ட்டியா கவிதா?" என்று மட்டும் கேட்டார்.

4. இப்போது

நான் கற்றுக்கொண்டது இதுதான். வீட்டில் பழகிய வாயை ஸ்டார்ட்டிங் லைனுக்குக் கொண்டுபோகக் கூடாது. கோச் சொல்லச் சொன்னதைத் தவிர அங்கே ஒரு வார்த்தையும் கூடாது. இதை எழுதுவது எளிது.

ஆனால் ஜெனி இப்போது வேகமாக ஓடுவதில்லை. பாதித் தூரம் நன்றாக வருகிறாள். யாரையாவது முந்தப்போகும்போது வேகத்தைக் குறைத்து, அவர்களைப் போகவிடுகிறாள். வேகமாக ஓடியதுதான் தப்பு என்று அவளுக்குள் பதிந்துவிட்டது. "கெளறாத கவிதா, மறந்துடுவா" என்கிறார் டீச்சர். "ரெண்டு மாசத்துல செரியாயிடும் மேடம்" என்கிறார் பாஸ்கர் சார். அந்த இரண்டு மாதமும் போய்விட்டது.

தப்பு என்னுடையது என்று அவளிடம் சொல்லத்தான் நினைக்கிறேன். சொன்னால் புரியுமா, அல்லது நடுவர் முன் நின்ற அந்த நிமிடத்தை மறுபடி கொண்டுவந்து அவள் முன் நிறுத்திவிடுவேனா? 'வேகமா ஓடு' என்று சொன்னால் ஓடிவிடுவாள். அது மறுபடியும் நான் சொன்னதற்காக ஓடுவதாகிவிடும். இப்படிப்பட்டவர்களோடு பழகியவர்கள், பிள்ளையாகவோ தம்பி தங்கையாகவோ வீட்டில் வைத்திருப்பவர்கள், இதைப் படித்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அவளிடம் மன்னிப்பை எந்த வார்த்தையில் கேட்பது?