அணில் படத்துக்கு அப்பா சொன்ன பாடங்கள்

எங்கள் அப்பாவோடு உட்கார்ந்து ஒரு படத்தை நிம்மதியாகப் பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவர் காலில் விழுகிறேன்.

அப்பா லிங்கராஜபுரத்தில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியர். வாரத்தில் ஆறு நாள் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை. ஏழாம் நாள் பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்து, "இந்தக் கதையிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?" என்று கேட்கிற வேலை. அந்தக் கேள்வியைச் சபையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவரோ அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். பால் பாக்கெட் கிழிந்து தரையெல்லாம் ஓடினாலும் அதில் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கும்.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பென் டிரைவில் ஒரு கார்ட்டூன் படம் கொண்டுவந்தார். அணில் குடும்பத்துக் கதை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அது எதற்காக வந்த படம் என்பது பின்னால்தான் தெரிந்தது. நர்ஸாக இருந்த அம்மாவுக்கு குவைத்தில் வேலை கிடைத்து, விசாவும் வந்துவிட்டது. இரண்டு வருஷம். இதை எனக்கும் மூன்று வயதுத் தம்பிக்கும் யாராவது சொல்லியாக வேண்டும். அம்மா வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் என்பதால் பொறுப்பு அப்பாவின் தலையில் விழுந்தது. கடையில் அப்பாவோடு வேலை செய்கிறவர், "அந்தப் படத்துல அம்மா அணிலு வெளியூரு போவும், அதக் காட்டுங்க, பசங்களுக்கு ஈசியா புரியும்" என்று யோசனை சொல்லியிருக்கிறார். அப்பா அதை நம்பி, தான் ஒரு தடவை பார்க்காமலேயே போட்டுவிட்டார்.

குட்டி அணில் கொட்டாவி விட்டது. அப்பா ரிமோட்டை அழுத்தி நிறுத்தினார். அதிகாலையில் எழுவதன் நன்மைகள். குட்டி தன் பழத்தில் பாதியைத் தம்பி அணிலுக்குக் கொடுத்தது. மறுபடி நிறுத்தினார். பகிர்ந்து உண்ணுதல். சரி, அதுவாவது நியாயம். ஓடையில் காலை நனைத்தது. செருப்பில்லாமல் மழைத்தண்ணீரில் நடந்தால் காலில் புண் வரும் என்று சுகாதாரப் பாடம். அம்மா அணில் மூட்டை கட்டத் தொடங்கியதும் அப்பாவுக்கு ஏனோ வியர்த்துக் கொட்டியது. அவசரமாக நிறுத்தி, "பாத்தீங்களா, துணிய எவ்ளோ அழகா மடிக்குது!" என்றார். அது மடித்தது துணியே இல்லை. வேர்க்கடலையைப் பொதிந்த இலை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேஜாரா கீதுப்பா! படத்தப் போடுப்பா!" என்று கத்தினேன். தம்பியோ எந்தக் கேள்விக்கும் கையைத் தூக்கி "இயேசப்பா!" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஞாயிறு பள்ளியில் அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு தடவை சத்தம் நிற்கும்போதும் அம்மா கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பாள். அப்பா "இன்னும் இல்லை" என்று தலையசைப்பார். அவள் திரும்பிப் போய்விடுவாள். பாவம், அம்மாவுக்கும் படத்தின் மேல் ஆசை, இந்த மனிதர் விடமாட்டேன் என்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் அம்மா அணில் மலையடிவாரத்தில் நின்று குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது. அப்பா நிறுத்தினார். இந்த முறை பாடம் எதுவும் வரவில்லை.

"அம்மா அணிலு எதுக்குப் போவுது, பாப்பா?"

இதுகூடவா ஒரு கேள்வி? "வூட்ல கடல தீந்துபோச்சு. குட்டிங்க சாப்டணும்ல? அதுக்குத்தான் போவுது!"

"குட்டிங்க அழாதா?"

"அழும். அப்புறம் வெளையாடப் போயிடும்."

"அது திரும்பி வந்துடுமா பாப்பா?"

"நீ பிளே போட்டாத்தானப்பா தெரியும்!"

அப்பா பிளேயை அழுத்தினார். அதற்கப்புறம் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. ஒருவழியாக ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து என்னை இறுக்கிக்கொண்டாள். ஒரு கண்ணால்தான் படம் பார்க்க முடிந்தது. "உடும்மா, மறைக்குது" என்றேன். அவள் விடவில்லை.

பனிக்காலம் போய், அம்மா அணில் மெலிந்து கறுத்துத் திரும்பி வந்தது. சின்னக் குட்டிக்கு அது யாரென்றே தெரியவில்லை. பயந்துபோய் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெற்ற அம்மாவையே தெரியாமல் ஓடி ஒளிகிற முட்டாள் அணில்! இத்தனை இம்சைக்குப் பிறகு வந்த ஒரே தமாஷான கட்டம், ஆனால் என்னோடு சேர்ந்து சிரிக்க ஆளில்லை. எரிச்சலோடு திரும்பினேன். அப்பாவும் அம்மாவும் டிவியைப் பார்க்கவே இல்லை. பாயில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்த தம்பியை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.