கலா மதினி பிடுங்கிய தட்டு

சிலமலையில் தங்கை வீட்டில் இருந்தபோது போன் வந்தது. பேசியது கலா மதினியின் மகன். காலையில் அடுப்படியில் மயங்கி விழுந்த அம்மாவைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். "வெரசா வாங்க அத்தை" என்றான். பஸ்சில் வரும்போது எனக்கு அழுகை வரவில்லை.

குரங்கணியில் அவர் வீட்டு மாடியில் தங்கி மலையேறிய உங்களில் பலருக்கு அவருடைய பான்கேக்கும் வாஃபிளும் நினைவிருக்கும். பட்டணத்துப் பிள்ளைகள் கேட்கிறார்களே என்றுதான் பழகினார். மைதாவைத் தொடமாட்டேன் என்பதில் மட்டும் பிடிவாதம். கம்பு, கேழ்வரகு, முழுக்கோதுமை மாவுதான். முதலில் சுட்டது வறட்டி போல இருந்தது. அண்ணன் தண்ணீரோடு விழுங்கிவிட்டு எழுந்துபோனார். கரைத்த மாவை ஊறவிட்டால் மெத்தென்று வரும் என்பதை மதினியே கண்டுபிடித்தார். "தவுடும் சேந்த மாவுல்ல, தண்ணி குடிக்க நேரம் குடு" என்பார். வாஃபிளுக்கு அவர் வைத்த பெயர் கட்டத் தோசை.

கூடமாட வேலை செய்த எனக்கு, அவரை நினைத்தால் ஒரு மழைக்காலக் காலைதான் முன்னால் வந்து நிற்கிறது.

மாடியில் ஒரு தாயும் ஐந்தாறு வயது மகளும் தங்கியிருந்தார்கள். கோதுமை பட்டால் பிள்ளைக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும் என்று வந்ததுமே அந்தத் தாய் சொல்லியிருந்தார். கையில் ஊசி மருந்து உண்டு; ஆனால் போட்ட கையோடு ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். விடிந்து பார்த்தால் போடிக்குப் போகிற பாதையில் மண் சரிந்து கிடந்தது. ஜீப்புகூடப் போகவில்லை.

மதினி கம்பு மாவில் வாழைப்பழமும் முட்டையும் ஏலக்காய்ப் பொடியும் சேர்த்துப் பான்கேக் சுட்டு, பிள்ளை முன்னால் தட்டை வைத்தார். கோதுமை இல்லையே என்று தாய் மறுபடி கேட்டார். சுத்தமான கம்பு என்றார் மதினி. பிள்ளை ஒரு துண்டைப் பிய்த்து ஊதிக்கொண்டிருந்தது.

அடுப்புப் பக்கம் திரும்பிய மதினி சட்டென்று வந்து, பிள்ளையின் கையிலிருந்த துண்டையும் தட்டையும் பிடுங்கினார். பிள்ளை வீறிட்டது.

"நான் சொன்னது தப்பும்மா," என்றார். "மில்லுல கோதுமைய அரைச்ச கையோடதான் இந்தக் கம்ப அரைச்சுக் குடுத்தாக. இப்பத்தான் நெனப்பு வந்துச்சு."

தாயின் முகம் வெளுத்துப்போனது. பிள்ளையின் கையையும் வாயையும் கழுவிவிட்டு, உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நேற்றே சொன்னேனே என்று குரல் உடையக் கோபப்பட்டார். மழைச் சத்தத்துக்கு நடுவே பிள்ளை விசும்பிக்கொண்டே இருந்தது. உதடு வீங்கவில்லை, மூச்சும் சீராக இருந்தது என்று தெரிந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

ஆனால் பிள்ளைக்குப் பசி. மதினி மில்லுக்குப் போகாத தினையை எடுத்துத் தட்டில் பரப்பினார். தாயும் அவருமாக எதிரெதிரே உட்கார்ந்து, வேறு மணி ஏதும் கலந்திருக்கிறதா என்று பொறுக்கிப் பார்த்தார்கள். மதினி அதை வெந்நீரில் ஊறவைத்து, இட்லி மாவு தவிர வேறெதுவும் போடாத கிரைண்டரில் ஆட்டினார். சந்தேகப்பட்ட எல்லாவற்றையும் ஒதுக்கினார். மாவுக் கரண்டி பட்டிருக்கும் என்று ஏலக்காய்ப் பொடி டப்பாவை ஓரமாக வைத்துவிட்டுப் புது ஏலக்காயை உரித்து நசுக்கினார். பான்கேக் சட்டியையும் வாஃபிள் மெஷினையும் தொடவில்லை. சப்பாத்தியே போடாத தோசைக்கல்லைத்தான் ஏற்றினார். தாய் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொன்னார்; தெரியாததைத் தெரியலை என்றே சொன்னார்.

பிள்ளை கட்டம் போட்டதுதான் வேண்டும் என்று அழுதது. வெந்த பான்கேக்கின் மேல் கரண்டிக் காம்பால் கட்டம் கட்டமாகக் கீறிக் கொடுத்தார் மதினி. அது தின்றது. நாங்கள் மூன்று பேரும் அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொன்று கேட்டபோதுதான் தாய் அழுதார்.

மதியத்துக்கு மேல் பாதை திறந்தது. ஜீப்பில் ஏறுமுன் அந்தத் தாய் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மறைக்காமச் சொன்னீங்களே" என்றார்.

ஜீப்பு போன பிறகு மதினி அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்தார். "செத்த நேரம் பசி பொறுக்கும் தனம். உள்ள போனத யாரு எடுக்க?" என்று என்னிடம் சொன்னார். அன்று அவர் சாப்பிடவில்லை.

கருமாதி முடிந்து, மாடிக்கு மறுபடி ஆட்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். அடுப்பை இப்போது நான்தான் பார்க்கிறேன். போன வாரம் ஒரு பெண், பான்கேக் மாவில் நிலக்கடலை ஏதும் சேர்ந்திருக்குமா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு, "தெரியலைம்மா, பாத்துட்டுச் சொல்றேன்" என்று உள்ளே போனேன். மதினியிடமிருந்து எனக்கு வந்தது அந்தத் 'தெரியலை' ஒன்றுதான். அதை வைத்துக்கொள்கிறேன்.