மாதா கோயிலுக்கு எதிரே ஒரு இடைவெளி

தொழிற்பேட்டைக்குப் போகும் மாநில நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கும் வேலையில் இரண்டு வருஷம் சைட் இன்ஜினியராக இருந்தேன். ஒப்பந்தக்காரரின் ஆள்தான், அரசாங்க ஆள் இல்லை. ஆனால் சாலையோரத்துச் சனங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. ஹெல்மெட் போட்டு, கையில் டிராயிங்கைச் சுருட்டி வைத்திருப்பவன்தான் ரோடு போடுகிறவன்.

எனக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். தூத்துக்குடிக்குத் தெற்கே, என் பொறுப்பில் இருந்த பகுதியில் ஒரு மீனவர் ஊர் இருந்தது. வீடுகள் எல்லாம் சாலைக்குக் கிழக்கே, கடலை ஒட்டி. மாதா கோயிலும் கல்லறைத் தோட்டமும் ரேஷன் கடையும் மேற்கே. பழைய ரோடு ஒரு பஸ்ஸும் லாரியும் ஒதுங்கிப் போகிற அகலம்தான். பேசிக்கொண்டே கடந்துவிடுவார்கள்.

அந்த ஊரில் ஒரு அக்கா. ஐம்பதை நெருங்கிய வயது. தினமும் விடிந்ததும் கோயிலைப் பெருக்குவது அவர் வேலை. புருஷன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். நாங்கள் கூடாரம் போட்ட முதல் வாரமே வீட்டுக் குசினியிலிருந்து ஒரு தூக்கு நிறைய, பால் சேர்க்காத வரக்காப்பியோடு வந்து நின்றார்.

“தம்பி, நடுவுல சுவரு வைக்கப் போறீங்களாமே. நாங்க எப்படிக் கோயிலுக்குப் போவோம்?”

ஜீப்பின் முன்பக்கத்தில் டிராயிங்கை விரித்துக் காட்டினேன். நடுத்தடுப்பைக் குறிக்கும் கோடுகள் கோயிலுக்கு நேரே விட்டுப்போய், சற்றுத் தள்ளி மறுபடி தொடங்கின.

“இங்கன கேப் விடுவோம்க்கா. ஆளும் போகலாம், ஆட்டோவும் திரும்பலாம்.”

“உறுதியாச் சொல்லுதியா?”

“டிராயிங்லயே இருக்குக்கா.”

அவர் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதன்பிறகு யாரும் வந்து சண்டை போடவில்லை. வேலி போட்டபோதும், குழாயை மாற்றிப் பதித்தபோதும் ஒத்துழைத்தார்கள்.

எட்டு மாதம் கழித்துத் திருத்திய டிராயிங் வந்தது. கண்டெய்னர் லாரிகள் திரும்புவதற்காகத் தொழிற்பேட்டை வாசலில் பெரிய திறப்பு. அது ஊருக்குத் தெற்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு திறப்புக்கு நடுவே இரண்டு கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே கோயிலுக்கு எதிரே இருந்த இடைவெளியை எடுத்துவிட்டார்கள். கோடு நேராக ஓடியது.

எங்கள் மேலாளரிடம் பேசிப் பார்த்தேன். “அப்ரூவ் ஆகி வந்துட்டு தம்பி. நம்ம வேலை கான்கிரீட் போடுறது” என்றார். அவரும் கெட்டவர் இல்லை. நான் எழுதிய கடிதத்தை மேலே அனுப்பி வைத்தார். பதில் வரவில்லை.

அக்காவிடம் நான் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். தடுப்பு நெருங்க நெருங்க அவர் கேட்பார், “கேப் எங்கன ஆரம்பிக்கும் தம்பி?” நான் லெவல் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன். கடைசியில் கோயிலுக்கு நேரே இடுப்புயரத் தடுப்பு எழும்பிய அன்று அவரே பார்த்துப் புரிந்துகொண்டார். ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்ட அதிகாரி “பாக்கலாம்” என்றார்.

மறுநாளிலிருந்து அவர் சேலையைச் செருகிக்கொண்டு தடுப்பின்மேல் ஏறி, உட்கார்ந்து, காலை மறுபக்கம் போட்டு இறங்கிக் கோயிலுக்குப் போனார். என்னைப் பார்த்தால் தலையசைப்பார். காப்பி வருவது நின்றிருந்தது.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். அவர் புருஷனுக்கு நெஞ்சுவலி. லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வடக்கே தூத்துக்குடியில். வடக்கே போகிற பாதையோ தடுப்புக்கு அந்தப் பக்கம். ஆட்டோ தெற்கே போய், தொழிற்பேட்டை வாசலில் திரும்பித்தான் வரவேண்டும். வாசலில் கொடி காட்டி வண்டிகளை நிறுத்தி அனுப்பும் எங்கள் ஆளுக்குப் போன் போட்டு, “அண்ணாச்சி, ஒரு ஆட்டோ வருது, லாரிய நிறுத்துங்க” என்று கத்தினேன். திருப்பத்தில் ஒரு நீளமான டிரெய்லர் குறுக்கே நின்றுவிட்டதாம். முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் வர முடியாமல்.

ஆட்டோ கடைசியில் எனக்கு எதிரே, கோயிலைத் தாண்டி வடக்கே பறந்தது. அக்கா புருஷன் தலையை மடியில் வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. சுற்றியதில் போன அந்த நிமிஷங்கள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த நாள் மாலை அடக்கம். பெட்டியைத் தோளில் சுமந்து வந்தவர்கள் தடுப்பருகே நின்றார்கள். வண்டியில் வைத்துச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றார் ஒருவர்.

“வேண்டாம். நேத்து சுத்துனது போதும்” என்றார் அக்கா. அழாமல் சொன்னார்.

இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி கொடுத்து ஆட்களை நிறுத்தினேன். லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. நாலு பேர் தடுப்பில் ஏறி மேற்கே குதித்தார்கள். நானும் அந்தப் பக்கம் போய்ப் பெட்டியின் முனையை வாங்கினேன். அடிப்பலகை கான்கிரீட்டில் உரசிக்கொண்டு வந்தது.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலையில் போனபோது தடுப்பில் ஓராள் அகலத்துக்கு உடைத்திருந்தார்கள். யார் உடைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. அலுவலகத்துக்கும் சொல்லவில்லை. மூன்று வாரம் சனங்கள் அதன் வழியாக நடந்தார்கள். பிறகு மேலிருந்து கடிதம் வந்தது: அனுமதியில்லாத திறப்பு, உடனே அடைக்கவும். அடைக்க வேண்டியவன் நான்.

கலவை வண்டியோடு போனேன். பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி, “நீயெல்லாம் மனுசனாலே?” என்று கேட்டாள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“அவனை விடுங்கட்டி. இவன் இல்லன்னா வேற ஆளு வந்து அடைப்பான்.” பிறகு என்னிடம், “சீக்கிரம் முடி தம்பி. வெயிலு ஏறுது” என்றார்.

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பலகை அடித்தோம், கம்பி கட்டினோம், கலவையை ஊற்றினோம். இறுகும்வரை யாரும் தொடக்கூடாது என்று அங்கே ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்தினேன். அன்று மாலைப் பூசைக்கு மணி அடித்தபோது, அக்கா தடுப்பில் ஏறாமல், தொழிற்பேட்டைத் திறப்பை நோக்கிச் சாலையோரமாகத் தெற்கே நடக்க ஆரம்பித்தார். நான் ஈரக் கான்கிரீட்டின்மேல் சாக்கை விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.