வியாழக்கிழமைகளில் ஐம்பத்தைந்து நிமிடம்

துப்பறியும் நாவலை நான் வாசிப்பதில்லை, பரீட்சைத்தாளைப் போலத் திருத்துகிறேன் என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான். என்னிடம் பச்சை அட்டை போட்ட கொப்பி ஒன்று இருக்கிறது. இதுவரை வாசித்த கதைகளின் துப்பறிவாளர்கள் அத்தனை பேருக்கும் அதில் புள்ளி போட்டிருக்கிறேன். கவனிப்புக்கு இவ்வளவு, பொறுமைக்கு இவ்வளவு, நேரந்தவறாமைக்கு இவ்வளவு. இளவயதில் வாசித்த மாத நாவல்களின் துப்பறிவாளர்கள் நேரந்தவறாமையில் தோற்றுப்போனார்கள். காதலியைப் பார்த்துவிட்டுத்தான் பிணத்தைப் பார்க்க வருவார்கள். முதலிடம் மழைக்கோட்டு போட்ட தனியார் துப்பறிவாளர்களுக்கு. யாரையும் இரண்டு மைல் தூரம் சந்தேகம் வராமல் பின்தொடரக் கூடியவர்கள். கடைசி இடம், ஏறக்குறைய எல்லாக் கதையிலும் பத்தாவது அத்தியாயத்தில் வந்து, மிகுந்த நம்பிக்கையோடு பிழையான ஆளைக் கைது செய்யும் பொலிஸ் அதிகாரிக்கு. அவருக்கு நான் இரக்கம் காட்டியதே இல்லை.

நூலகப் புத்தகத்தை முதலில் நான் வாசிப்பேன், பிறகு அவள். கொலையாளி யாரென்று ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. அவள் வாசிக்கும்போது, "எத்தனையாம் பக்கம்?" என்று மட்டும் கேட்பேன்.

கொப்பியைத் தவிர நாட்குறிப்பும் எழுதுகிறேன். இந்தக் கதைக்கு அதுதான் காரணம். வியாழக்கிழமைகளில் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருக்கிறாள். ஐந்தே முக்காலுக்குக் கதவில் சாவிச் சத்தம் கேட்க வேண்டும். அது ஆறு நாற்பதுக்குக் கேட்கத் தொடங்கியது. முதல் வியாழன் கேட்டேன்.

"ஏன் பிந்தினது?"

"பஸ் பிந்திப்போச்சு."

போனில் பார்த்தேன். பஸ் பிந்தவில்லை. அதன்பிறகு கேட்பதை விட்டுவிட்டு எழுதத் தொடங்கினேன். 'ஐம்பத்தைந்து நிமிடம் தாமதம். கோட்டில் கிருமிநாசினி வாசனை; பல் மருத்துவரிடமிருந்து வழக்கமாக வருவதல்ல.' அடுத்த வாரம், 'அதே வாசனை. கன்னம் சிவந்திருக்கிறது. காய்ச்சலோ?' அதற்கடுத்த வாரம், 'வீட்டில் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. சோர்வு.'

இவற்றைக் கூட்டினால் ஆஸ்பத்திரி என்றுதான் விடை வந்தது. எனக்கு வேறு விடை வரவும் வழியில்லை. அவளுடைய அக்கா தன் நோயை எட்டு மாதம் எல்லோரிடமும் மறைத்தார். சொன்னபோது செய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அக்காவைப் போலவேதான் இவளும், தலையிடி வந்தால்கூடச் சொல்லமாட்டாள். ஐந்தாவது வியாழன் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது நான் அந்தக் கோட்டை முகர்ந்து பார்த்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

ஆறாவது வியாழன் பின்தொடர முடிவு செய்தேன். மழைக்கோட்டைப் போட்டேன். நல்ல வெயில். எங்கள் பகுதியான தோர்ண்டன் ஹீத்தின் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, தமிழ்க் கடை வாசலில் முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன். அவள் பஸ்ஸால் இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் மற்றப் பக்கம் நடந்தாள். இருபது அடி இடைவெளி விட்டு நானும் புறப்பட்டேன். ஆறு அடி வைத்திருப்பேன்.

"அண்ணை!" கடைக்காரத் தம்பி பெட்டியோடு வெளியே வந்தார். "என்ன இந்த வெயிலுக்கை மழைக்கோட்டு? அக்கா முன்னால போறா, கூப்பிடட்டே?"

"வேண்டாம், வேண்டாம்."

"சண்டையோ அண்ணை?"

"இல்லைத் தம்பி, சும்மா ஒரு நடை."

"நடையெண்டால் சேர்ந்தெல்லோ போறது!"

நான் வாசித்த கதைகளில் மழைக்கோட்டுக்காரரை யாரும் அண்ணை என்று கூப்பிட்டதில்லை. அவரைத் தெரிந்த கடையும் இல்லை, மனைவியைத் தெரிந்த கடையும் இல்லை. இந்தத் தெருவில் என்னால் ஒரு கறிவேப்பிலைக் கட்டைக்கூட ரகசியமாக வாங்க ஏலாது என்பதை எந்தக் கொப்பியிலும் நான் குறித்து வைத்திருக்கவில்லை.

மூலை திரும்பியதும் ஒரு கிளினிக் பலகையை எதிர்பார்த்தேன். அவள் நுழைந்தது காசு போட்டுத் துணி துவைக்கும் லாண்டரிக்குள். எங்கள் வீட்டு மெஷின் பழுதில்லை; காலையில்தான் நான் போட்டு எடுத்திருந்தேன். கொஞ்சம் பொறுத்து, கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வாங்குப் பலகையில் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். தலையை நிமிர்த்தாமலே ஒரு விரலால் என்னை உள்ளே அழைத்தாள்.

உள்ளே சூடாக இருந்தது. கிருமிநாசினி என்று நான் எழுதிய வாசனை சோப்புத்தூள் வாசனையாக முகத்தில் அடித்தது.

"வாங்கோ. கடைத் தம்பி போன் எடுத்துச் சொல்லிப்போட்டார், அண்ணை பின்னால வாறார் எண்டு."

"நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?"

"தெரியேல்லையே? வாசிக்கிறன்."

"வீட்டிலை வாசிக்க ஏலாதோ?"

"ஏலாது. எத்தனையாம் பக்கம் எண்டு கேப்பியள். நூற்றிப் பதினாலு எண்டு சொன்னா, 'ஆ...' எண்டு ஒரு சத்தம் போடுவியள். அதோட எனக்கு விளங்கிப்போடும், தோட்டக்காரன்தான் கொலைகாரன் எண்டு."

"நான் ஒருநாளும் சொல்லேல்லை!"

"வாயால சொல்லேல்லை. மூஞ்சியால சொன்னனீங்கள். இருவத்திரண்டு வருசமா."

"அதுக்கு லாண்டரியோ? நூலகம் இருக்கெல்லோ?"

"அங்க எங்கட ஆக்கள் நாலு பேர் கதைக்க வந்திடுவினம். இஞ்ச ஒருத்தரும் வரமாட்டினம். எல்லார் வீட்டிலையும் மெஷின் இருக்கு."

இப்படி ஒரு நுட்பமான காரணத்தை நான் எந்தத் துப்பறிவாளரிடமும் கண்டதில்லை.

"உமக்கு ஏதோ வருத்தம், ஆஸ்பத்திரிக்குப் போறீர் எண்டு நினைச்சன்" என்றேன். அவள் சத்தமாகச் சிரித்தாள். "உம்மட அக்கா மாதிரி" என்றேன். சிரிப்பு நின்றது. விரலைப் பக்கத்துக்குள் வைத்துப் புத்தகத்தை மூடினாள்.

"அக்கா செய்ததை நான் செய்யமாட்டன். ஏதும் எண்டால் முதல் உங்களுக்குத்தான் சொல்லுவன். நேரத்தையும் போட்டு நாட்குறிப்பில எழுதி வையுங்கோ."

"சத்தியமாவோ?"

"ஓம். இப்ப அங்கால திரும்பி இருங்கோ. கடைசி ரெண்டு அத்தியாயம் கிடக்கு."

திரும்பி உட்கார்ந்தேன். எதிரே யாருடையவோ படுக்கை விரிப்புகள் சுற்றிக்கொண்டிருந்தன. மெஷினின் கண்ணாடிக் கதவில் என் முகம் தெரிந்தது. எனக்குத் தெரிந்தால் அவளுக்கும் தெரியும் என்று மழைக்கோட்டின் காலரை மூக்குவரை உயர்த்திக்கொண்டேன். அன்று அந்தக் கோட்டினால் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

வீட்டுக்கு வந்து, நாட்குறிப்பின் வியாழக்கிழமைகளில் 'கிருமிநாசினி' என்று இருந்ததை வெட்டிவிட்டுச் சிவப்பு மையால் 'சோப்புத்தூள்' என்று திருத்தினேன். பச்சைக் கொப்பியில், பத்தாவது அத்தியாயப் பொலிஸ் அதிகாரிக்கு ஐந்து புள்ளி கூட்டிப் போட்டேன்.

போன வியாழன் சாவிச் சத்தம் எழுபது நிமிடம் பிந்திக் கேட்டது. நான் ஒன்றும் கேட்காமல் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

"முடிஞ்சுது" என்றாள். "இப்ப மூஞ்சியைக் காட்டலாம்."